பிள்ளைகளின் மெயிலும் பெரியவர்களின் கோபமும்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் கோபிசெட்டிப்பாளையத்தில் நாங்கள் நடத்தும் ஆன்லைன் சென்டரில் நிற்க இடமிருக்காது. பொறியியல் கலந்தாய்வு, கலைக் கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, வருமானச் சான்றிதழ் என்று காலையில் ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை ஓடும். நம்பியூர், கவுந்தப்பாடி, டி.என்.பாளையம் பக்கமிருந்தெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்பாவோ அம்மாவோ வருவார்கள். விண்ணப்பத்தில் முதலில் கேட்பதே மெயில் ஐடிதான். "மெயில் ஐடி சொல்லு கண்ணு" என்றால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கும். "அதெல்லாம் ஆன்லைன் கிளாஸ் நடந்தப்ப அவங்க மாமன் போட்டுக் குடுத்ததுங்க" என்பார் அம்மா. பாஸ்வேர்ட் மாமனுக்குத்தான் தெரியும். மாமனோ அந்த சிம்மை எப்போதோ மாற்றியிருப்பார்.

2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அவசரத்துக்குப் போட்ட கணக்குகள் இவை. அன்றைக்கு ஆறாவது, ஏழாவது படித்த பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். இத்தனை வருஷமும் அந்த இன்பாக்ஸுக்குள் என்னென்னவோ வந்து விழுந்திருக்கிறது. பரிசு விழுந்திருக்கிறது என்று வரும், கணக்கை முடக்கப்போகிறோம் என்று வரும், வீட்டிலிருந்தே மாசம் இத்தனை ஆயிரம் சம்பாதிக்கலாம் என்று வரும், பெரியவர்களே பார்க்கக் கூசுகிற படங்களுக்கு அழைப்பு வரும். எல்லாவற்றையும் பிள்ளை தனியாகவே பார்த்திருக்கிறது. விண்ணப்பத்துக்கு ஓடிபி எடுக்க மெயிலைத் திறக்கச் சொன்னால் சில பிள்ளைகள் சட்டென்று போனைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கிற அப்பா கண்ணில் அந்த வரிசை பட்டுவிடக் கூடாதே என்ற பதற்றம். எதுவுமே செய்யாத பிள்ளை, ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி நிற்கும். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேண்டாத மெயில் வருவதற்குப் பிள்ளை எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தொல்லைக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. 1978 மே மாதம் அமெரிக்காவில் கேரி தூர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனைக்காரர், தங்கள் புது மெஷினைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் மெயில் அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் விளம்பர மெயில் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு முகவரிகளை ஒரு ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்த வேலையைப் புரோகிராம்கள் செய்கின்றன. பெயர், அதோடு பிறந்த வருஷம், அப்புறம் ஜிமெயில் என்று சேர்த்துச் சேர்த்து ஊகித்தே கோடிக்கணக்கில் அனுப்பிவிடலாம். நம் பிள்ளைகளின் ஐடி பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

ஊகிக்கக்கூட வேண்டியதில்லை, பாதி நேரம் நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பொறியியல் கல்லூரிகள் அடுத்தடுத்து இருக்கிற ஊர் நம்முடையது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே கல்விக் கண்காட்சிகள் ஆரம்பமாகும். வாசலில் ஒரு பையும் பேனாவும் கொடுத்து ஒரு படிவத்தை நீட்டுவார்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, போன் நம்பர், மெயில் ஐடி எல்லாவற்றையும் அப்பாவே நல்ல கையெழுத்தில் நிரப்பிக் கொடுப்பார். ஜவுளிக்கடைக் குலுக்கல் கூப்பனிலும் அதே கதைதான். இலவச மாதிரித் தேர்வு என்று ஒரு தளம், கேம் விளையாட இன்னொரு தளம் என்று பிள்ளையும் தன் பங்குக்குக் கொடுத்திருக்கும். இவற்றில் ஏதாவது ஒரு தளத்திலிருந்து தகவல் திருடுபோனால் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் சேர்ந்தே வெளியே போய்விடும். அப்படித் திருடுபோன பட்டியல்களில் நம் ஐடி இருக்கிறதா என்று பார்க்க 'ஹேவ் ஐ பீன் பௌன்ட்' என்று ஒரு தளம் இருக்கிறது. ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கியது. மெயில் ஐடியை மட்டும் போட்டால் போதும், காசு கிடையாது. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை பாருங்கள். முதலில் உங்கள் ஐடியைப் போடுங்கள். அதுவும் பட்டியலில் இருந்துவிட்டால், நம்மால் மட்டும் வந்த வினையில்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

எல்லா வேண்டாத மெயிலையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

வெறும் விளம்பரம் ஒரு வகை. நாம் எப்போதோ பதிவு செய்த தளம், வாங்கிய கடை, எழுதிய மாதிரித் தேர்வு ஆகியவற்றிலிருந்து வருவது. தொல்லைதான், ஆபத்து இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள், ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வழி வைத்திருக்க வேண்டும். அதனால் மெயிலின் உச்சியில், அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில், ஜிமெயிலே காட்டுகிற 'அன்சப்ஸ்கிரைப்' பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது.

யாரென்றே தெரியாதவன் அனுப்பிய மெயிலின் அடியிலும் ஒரு அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருக்கும். அதைத் தொடக் கூடாது. தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது, மெயிலைப் படிக்கிறது என்று நாமே அவனுக்குச் சொன்னதாகிவிடும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. பதில் போட்டுத் திட்டுவதும் அப்படித்தான். பையன்களுக்கு இந்த ஆசை நிறைய உண்டு. நல்லா நாலு வார்த்தை கேட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். அடுத்த வாரம் இன்னும் நாலு பேரிடமிருந்து மெயில் வரும். ஸ்பேம், அதாவது வேண்டாத மெயில், என்று குறித்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். வெறுமனே அழித்தால் ஜிமெயிலுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்பேம் என்று குறித்தால், அதே மாதிரி அடுத்து வருவதை அது தானே ஒதுக்கக் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாதது. மெயிலில் உள்ள படங்கள் பல நேரம் மெயிலோடு வருவதில்லை. நாம் திறக்கும்போதுதான் அனுப்பியவருடைய சர்வரிலிருந்து எடுத்து வரப்படும். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவு படத்தை உள்ளே வைத்துவிட்டால், மெயில் திறக்கப்பட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஜிமெயில் செட்டிங்ஸில் 'வெளிப் படங்களைக் காட்டும் முன் கேள்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. பிள்ளைகளின் கணக்கில் அதைப் போட்டு வைப்பது நல்லது. கூசவைக்கிற படங்கள் திடீரென்று கண்முன் வந்து நிற்பதையும் அது ஓரளவு தடுக்கும்.

அடுத்தது ஏமாற்று மெயில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என் அண்ணன் மகள் எட்டாவது படிக்கிறாள். சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்தில் வீடு. நான் போயிருந்த அன்றைக்குக் களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அத்தை, எனக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்குதாமா. இருபத்தஞ்சாயிரம். பாருங்க!"

மெயிலின் உச்சியில் சிங்கத் தலை முத்திரை. கீழே அவள் பெயர். 24 மணி நேரத்துக்குள் லிங்க்கில் போய் பேங்க் விவரம் தர வேண்டும், இல்லையென்றால் தொகை அடுத்த மாணவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. பொய் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அதை நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன்.

"யாரு அனுப்புனதுன்னு காட்டு சாமி."

மேலே பெரிய எழுத்தில் இருந்த பெயரைக் காட்டினாள். இந்திய அரசு, கல்வி உதவித்தொகைப் பிரிவு.

"அது பேருதான். பேரை ஆரு வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் வெச்சுக்கலாம். அதுக்குக் கீழ சின்னதா ஒரு அம்புக்குறி இருக்குது பாரு, அதைத் தொடு."

தொட்டதும் உண்மையான முகவரி விரிந்தது. எழுத்தும் எண்ணுமாகக் குழம்பிக் கிடந்த ஒரு சாதாரண இலவச மெயில் கணக்கு. அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அரசாங்கம் இந்த மாதிரிக் கணக்கிலிருந்தா அனுப்பும் என்று அவளே கேட்டாள். அதற்கப்புறம் கேட்டதுதான் சரியான கேள்வி.

"அப்ப எம்பேரு எப்படிங்கத்தை தெரிஞ்சுது?"

"உன்ற ஐடியிலயே உன்ற பேரு இருக்குதே கண்ணு."

லிங்க்கைத் தட்டாமல் விரலை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். எங்கே போகப்போகிறது என்று திரையில் முகவரி வந்தது. ஸ்காலர்ஷிப்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் என்றுதான் ஆரம்பித்தது. தேசிய உதவித்தொகைத் தளத்தின் உண்மையான முகவரியும் அதுதான். ஆனால் இதில் 'இன்' என்பதற்கு அப்புறமும் ஒரு புள்ளி வைத்து வேறு ஏதோ பெயர் ஓடியது. முகவரியை இடமிருந்து படித்தால் ஏமாந்துபோவோம். முதல் ஒற்றைச் சாய்கோடு வருகிற இடம்வரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியில் நிற்கிறதுதான் சொந்தக்காரன், முன்னால் இருப்பதெல்லாம் அவன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட பெயர். இது புரிந்த பிறகு அவளிடமிருந்து போனை வாங்க முடியவில்லை. ஸ்பேம் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக, "இது யாருது, இது யாருது" என்று வால்பக்கமிருந்து படித்துக்கொண்டே இருந்தாள்.

வால்பக்கம் ஜிஓவி டாட் இன் அல்லது என்ஐசி டாட் இன் என்று முடிந்தால் அரசாங்கத் தளம். ரிசர்வ் வங்கி சொன்னபடி நம் நாட்டு வங்கிகள் 2025 அக்டோபர் கடைசிக்குள் பேங்க் டாட் இன் என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டியிருந்தது, அதையும் சொல்லிக் கொடுக்கலாம். இதற்கும் விதிவிலக்கு உண்டு. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் தளம் டிஎன்இஏஆன்லைன் டாட் ஓஆர்ஜி. அரசாங்க வேலைதான், வால் மட்டும் வேறு. அதனால் இந்த மாதிரித் தளங்களுக்கு மெயிலில் வருகிற லிங்க்கைத் தொடாமல், அறிவிப்பில் அச்சாகியிருக்கிற முகவரியைப் பார்த்து நாமே தட்டச்சு செய்து போவதுதான் நல்லது. எங்கள் சென்டரில் எப்போதும் அப்படித்தான்.

என் கொழுந்தனார் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது பிள்ளைகளை உட்காரவைத்து அவர் ஒன்று சொன்னார். அந்த ஊரில் பயப்படுகிற மெயில் எது தெரியுமா? "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனிமேல் பணத்தை இந்த நம்பருக்கு அனுப்புங்கள்" என்று வருகிற மெயில். பல வருஷம் பழகிய ஆளின் பெயரில், அவர் எழுதுகிற தோரணையிலேயே, பழைய பில் நம்பரெல்லாம் போட்டு வரும். முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். ஆங்கிலத்தில் சின்ன ஆரையும் என்னையும் ஒட்டி எழுதிவிட்டால் எம் மாதிரியே தெரியும், அவசரத்தில் யார் கண்ணிலும் படாது. கண்டெய்னர் கணக்கில் சரக்கு அனுப்புகிற, படித்த, அனுபவமுள்ள ஆட்களே ஏமாறுகிறார்கள். அதனால் அவர்கள் ஆபீஸில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்களாம். பணம் சம்பந்தமாக மெயிலில் எது கேட்டாலும், ஏற்கெனவே கையில் இருக்கிற நம்பருக்குப் போன் போட்டு, குரலைக் கேட்ட பிறகுதான் மறுவேலை. மெயிலுக்குள் கொடுத்திருக்கிற நம்பருக்குப் போடக் கூடாது.

பிள்ளைகளுக்கும் அதே நடைமுறையைச் சொல்லிக் கொடுத்தோம். மெயிலில் ஒருத்தர் எதையாவது கேட்டால், அது பாஸ்வேர்டோ ஓடிபியோ போட்டோவோ பணமோ எதுவானாலும், அதே மெயிலில் பதில் சொல்லாதே. வேறு வழியில் அந்த ஆளைக் கேள். டீச்சர் பெயரில் வந்தால் நாளைக்குப் பள்ளியில் நேரில் கேள். பெரியப்பா பெயரில் வந்தால் பெரியப்பாவுக்குப் போன் போடு. பெரியவர்களே ஏமாறுகிற விஷயம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். தங்களை மட்டும் குறை சொல்கிற பேச்சு இல்லை என்று பட்டிருக்கும்.

அதட்டுகிற மெயிலைவிட எனக்குப் பயம் தருவது அன்பாக வருகிற மெயில்தான். "உன் டிராயிங் பார்த்தேன், ரொம்ப அழகா இருந்துச்சு", "நானும் உன் வயசுதான்", "உங்க வீட்ல உன்னைப் புரிஞ்சுக்கவே மாட்டாங்களா?" இதில் லிங்க்கும் கிடையாது, பரிசும் கிடையாது, ஸ்பேம் வடிகட்டிக்கு ஒன்றும் தெரியாது. ரெண்டு வாரம் பேசிய பிறகு வேறு ஆப்புக்கு வரச் சொல்வான். அப்புறம் ஒரு போட்டோ கேட்பான். நம் பிள்ளை எந்த இடத்தில் உஷாராக வேண்டும் என்று நான் யோசித்துப் பார்த்தது இதுதான்: "யார்கிட்டயும் சொல்லாதே" என்ற பேச்சு வருகிற இடம். நேரில் பார்த்திராத ஒருத்தர் ரகசியம் காக்கச் சொன்னால், அந்த நிமிஷமே வீட்டில் ஒருத்தரிடம் சொல்லிவிட வேண்டும். ஆறு வயசுப் பிள்ளைக்கும் இது புரியும்.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், பதினொன்றாவது படிக்கிற பையன் ஒருத்தன் கடைக்கு வந்தான். ஜெராக்ஸ் எடுக்க ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகும்வரை சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டு நின்றான். அப்புறம் கிட்ட வந்தான்.

"அக்கா, ஒண்ணு காட்டோணும். ஆருகிட்டயும் சொல்லிராதீங்கக்கா."

போனை நீட்டியபோது கை நடுங்கியது. ஆங்கிலத்தில் ஒரு மெயில். உன் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டேன், நீ பார்த்த படங்களெல்லாம் எனக்குத் தெரியும், உன் கேமராவில் உன்னையே படம் எடுத்து வைத்திருக்கிறேன், 48 மணி நேரத்துக்குள் பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் உன் காண்டாக்டில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன். தலைப்பிலேயே அவன் பாஸ்வேர்ட்.

"பாஸ்வேர்டு என்றதேதானுங்கக்கா. அப்ப மத்ததும் நெசந்தானுங்களே?"

ரெண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பாஸ்வேர்ட் எப்போது வைத்தது என்று கேட்டேன். எட்டாவது படிக்கும்போது, ஒரு கேம் தளத்துக்கு. அந்த மாதிரித் தளங்களிலிருந்து திருடுபோன பட்டியலை எவனோ வாங்கி, பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் இதே கடிதத்தை அனுப்புகிறான் என்று சொன்னேன். கடிதத்தில் ஒரு வரியைத் தேடலில் போட்டுக் காட்டினேன். அதே வாசகம், உலகம் பூராவும் எத்தனையோ பேருக்கு வந்திருந்தது. "நெசமாவே படம் இருந்தா, பயமுறுத்தறதுக்கு ஒண்ணாவது இதுலயே வெச்சிருப்பானே தம்பி?" என்று கேட்டேன். அப்போதுதான் அவனுக்கு மூச்சு சீரானது.

அங்கேயே உட்கார்ந்து பாஸ்வேர்டுகளை மாற்றினோம். இன்ஸ்டாகிராமுக்கும் அதே பழைய பாஸ்வேர்ட்தான் வைத்திருந்தான், அதையும் மாற்றினோம். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு அடையாளமும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டோம். மெயிலை அழிக்காமல் தனியாக எடுத்து வைத்தோம். வீட்டில் சொல்ல வேண்டும் என்றதும் மறுபடி முகம் வெளிறியது. "அப்பா போனை ஒடச்சே போடுவாருங்கக்கா" என்றான். வீட்டில் யாரிடம் சொன்னால் சத்தம் போடாமல் கேட்பார்கள் என்று கேட்டேன். கோயமுத்தூரில் நர்ஸிங் படிக்கிற அக்காவைச் சொன்னான். கடையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டான். பேசி முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மழையிலேயே போய்விட்டான்.

அவன் விஷயத்தில் எல்லாமே புளுகு. சில பிள்ளைகளுக்கு அது நிஜமாகவும் இருந்துவிடும். ஆசையாகப் பேசியவனை நம்பிப் படம் அனுப்பியிருப்பார்கள், அதை வைத்து மிரட்டுவான். அப்போதும் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட இதுவேதான். பணம் அனுப்பக் கூடாது, அனுப்பினால் இன்னும் கேட்பான். மெயிலையும் சாட்டையும் அழிக்கக் கூடாது, அதுதான் சாட்சி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் மூல மெயில் அப்படியே இருக்கட்டும், எங்கிருந்து வந்தது என்ற விவரம் அதற்குள்தான் இருக்கிறது. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, பெயர் சொல்லாமலும் அங்கே புகார் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பிள்ளையே கூப்பிடலாம். படம் வெளியே போய்விடுமோ என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டபோது எடுத்த படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஓர் அடையாள எண் போட்டு அதை மட்டும் அனுப்பும். அதில் சேர்ந்திருக்கிற சமூக ஊடகங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். சட்டத்தின் கண்ணில் குற்றவாளி மிரட்டுகிறவன்தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும், ஆணோ பெண்ணோ, பாதுகாக்கிறது. பையனுக்கு என்ன வந்தது என்று நம்மில் பலர் கேட்கிறோம். பையன்களையும்தான் மிரட்டுகிறார்கள்.

இத்தனை வழி இருந்தும் பிள்ளைகள் ஏன் ராத்திரியெல்லாம் தனியாகத் தவிக்கிறார்கள்? போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கடைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாருமே கடைசியில் சொல்கிற பேச்சு இதுதான். பெண் பிள்ளையாக இருந்தால் போனோடு போகாது. படிப்புக்கே ஆபத்து வந்துவிடுமோ, வெளியூர்க் கல்லூரி கனவு அதோடு போச்சோ என்கிற வரைக்கும் யோசிப்பார்கள். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். "உங்க அப்பாகிட்ட சொல்லிருவேன்" என்றுதான் அவனே எழுதுகிறான். நாம் கோபக்காரர்கள் என்பதை வைத்துத்தான் அவன் பிழைக்கிறான்.

பெற்றோருக்கு வருகிற பயம் எனக்குப் புரிகிறது. விசைத்தறியிலும் தோட்டத்திலும் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, தங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு பொருளுக்குள் பிள்ளை சிக்கிக்கொண்டதைப் பார்த்தால் முதலில் கை போகிற இடம் அந்தப் போன்தான். பிடுங்கி வைத்தால் அன்றைக்கு நிம்மதியாகக்கூட இருக்கும். அடுத்த தடவை என்ன ஆகும் என்றால், பிள்ளை மெயிலை மறைக்கும். நண்பன் போனில் வேறு கணக்குப் போட்டுக்கொள்ளும். நமக்குத் தெரிய வருகிற வழி அடைபட்டுப் போகும்.

இதற்கு நேர்மாறாக ஒரு அப்பாவையும் பார்த்திருக்கிறேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஏழாவது படிக்கிற மகள் ஏதோ லிங்க்கைத் தட்டிவிட்டாள். ஓடிபி வரை கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே அவரிடம் சொல்லியிருக்கிறாள். அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். "சொன்னது நல்லதாப் போச்சு சாமி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருப்பார் போல. கடையிலும் அதையேதான் சொன்னார். கணக்கை மீட்டு, எங்கெங்கே லாகின் ஆகியிருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றி, பாஸ்வேர்ட் மாற்றினோம். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. திட்டு வாங்கிய பிள்ளையால் அப்படிக் கேட்க முடியாது.

மெயில் கணக்கின் செட்டிங்ஸைப் பற்றிச் சுருக்கமாக. கூகுள் கணக்கு தானாக வைத்துக்கொள்ள 13 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே என்றால் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' வழியாகப் பெற்றோர் கணக்கோடு சேர்த்துத்தான் போட முடியும். வயதைக் கூட்டிப் போட்டுக் கணக்கு ஆரம்பித்துக் கொடுப்பது நம் ஊரில் சாதாரணம். அதைச் செய்யாதீர்கள், அந்த வயதுக்கு வருகிற விளம்பரமெல்லாம் பிள்ளைக்கும் வரும். பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்ப எடுக்க உதவுகிற மீட்பு நம்பராக, ஆஃபருக்காக சிம் மாற்றாத ஒருத்தரின் நம்பரைப் போடுங்கள். பள்ளி, தேர்வு, கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு ஐடி, கேமுக்கும் மற்றதுக்கும் வேறொன்று. முதல் ஐடியைக் கண்காட்சிப் படிவத்தில் எழுத வேண்டாம். அந்த ஐடியில் பிறந்த வருஷமும் வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம், பிள்ளையோடு உட்கார்ந்து ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். சோதனை போடுகிற மாதிரி வேண்டாம். முதலில் உங்கள் பெட்டியைத் திறந்து, இது பொய்யா நிஜமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். லாட்டரி விழுந்ததாக அப்பாருக்கு வந்த மெயிலை என் அண்ணன் மகள்தான் இப்போது படித்துப் பார்த்துச் சொல்கிறாள்.

பள்ளிகளிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் நடக்கிறது, பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. கழிப்பறை, குடிநீர் பற்றியெல்லாம் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் இதையும் கேளுங்கள்: இப்படி ஒரு மெயில் வந்தால் எங்கள் பிள்ளை எந்த டீச்சரிடம் போய்க் காட்டலாம்? ஒரு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பெயர் எல்லா வகுப்புக்கும் தெரியட்டும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணையும் 1098-ஐயும் டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லலாம். நேரில் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. மிரட்டல் மெயிலைப் பற்றியும் அதில் எழுதிப் போடலாம் என்று காலை வணக்கக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் ஒரு தடவை சொன்னால் போதும்.